இடம் பார்க்க வந்தவர்கள்

நகராட்சிக்காரர்கள் இடம் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் அக்கா செய்த முதல் வேலை, தரையைக் கழுவச் சொன்னதுதான். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் பெருக்கித் துடைக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் வாளியில் தண்ணீர் பிடித்த அந்த நிமிடத்திலேயே காரியம் கெட ஆரம்பித்துவிட்டது.

அவளுக்கு உடன்பிறந்தது ஒரே ஒரு தம்பி. அவன் அக்கா அக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. மனசு மட்டும் ஐந்து வயதைத் தாண்டவில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அக்கா அதை ஒப்புக்கொண்டதே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு ரோஷம் ஏது என்பாள். அம்மா இருந்த காலத்தில், அம்மாவும் மகளும் வேலைக்குப் போகும்போது அவனைப் பின்னறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போவார்கள். வேறு வழி தெரியவில்லை. அம்மா போன பிறகு, இனி இவனை அந்த அறையில் அடைக்கவே மாட்டேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். நின்றதன் பலன்தான் இந்தப் பகல் இல்லம்.

டயர் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை, ஒரு கழிப்பறை. காலையில் வேன் போய் வளர்ந்த பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி வரும். சாயங்காலம் கொண்டுபோய் விடும். இருபதுக்கு மேல் இருந்தார்கள். பிள்ளைகள் என்று சொல்வது வாய்ப்பழக்கம்தான். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. அவர்கள் இங்கே இருக்கும் நேரத்தில்தான் வயதான அப்பா அம்மாக்கள் கடைக்குப் போவதும், ஆஸ்பத்திரிக்குப் போவதும், கொஞ்சம் கண்ணயர்வதும்.

தம்பிக்கு அங்கே மேனேஜர் என்று பெயர். யார் வைத்தார்களோ, ஒட்டிக்கொண்டது. கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டையோடு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, "உக்காருங்க" என்பான். உட்காராவிட்டால் விட மாட்டான். தண்ணீர்க் கேன் போடுகிறவர்கூட ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். சட்டையில் சாப்பாட்டுக் கறை பட்டால், யாராவது மாற்றிவிடும்வரை அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டே இருப்பான். 

எல்லாம் சரி, மாடிப்படிதான் எமன். ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாது. நடுவில் ஒரு திருப்பம் வேறு. ஏற முடியாத ஆறு பேரை வேன் டிரைவர்தான் முதுகில் சுமந்து ஏற்றினார். முட்டி போன பிறகு மேனேஜரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தான். டிரைவர் ஆள் மலை மாதிரி. சுமக்கும்போது, "மேனேஜர் சார், சம்பளத்தைக் கூட்டிப் போடுங்க" என்று கலாட்டா செய்துகொண்டே ஏறுவார். சிரிப்பெல்லாம் மேலே போகும்வரைதான். மழைக்காலத்தில் ஒருநாள் திருப்பத்தில் கால் வழுக்கி, முதுகில் இருந்தவருக்கு ஒன்றும் ஆகாமல் தன் இடுப்பைக் கொடுத்துத் தாங்கினார். இனி ஆளைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

"புது இடம் கிடைக்கிற வரைக்கும் தூக்குறேங்க்கா," என்றார் டிரைவர். "அதுக்கு மேல என் உடம்பு கேக்காது. கோவிச்சுக்காதீங்க."

இவர் தூக்கவில்லை என்றால் தம்பிக்கு மறுபடியும் அந்தப் பின்னறைதான். அக்காவுக்கு ராத்தூக்கம் போனது இதனால்தான்.

அந்த வருடம் நகராட்சி, ஊரில் இருக்கும் தொண்டு அமைப்புகளில் ஒன்றுக்குச் சொந்தமாகக் கட்டடம் கட்டித் தருவதாக அறிவித்தது. தரைத்தளத்தில், அகலமான வாசலோடு. விண்ணப்பித்தவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு இடத்தையும் நேரில் பார்க்கக் குழு போட்டார்கள். நகராட்சி உறுப்பினர் அம்மா ஒருவர், பொறியாளர் ஒருவர்.

இந்தக் குழுவுக்காகத்தான் தரை கழுவப்பட்டது. ஒத்தாசைக்கு இருக்கும் சின்னம்மா, ஈ உட்கார்ந்தால் வழுக்கும்படி தேய்த்தாள். படி ஏற முடியாதவர்களைக் குழு வருவதற்கு வெகு முன்பே டிரைவர் ஏற்றிவிட்டார். வந்தவர்கள் கண்ணில் அந்தச் சிரமம் பட வேண்டாமே என்று. எல்லோரையும் வரிசையாகக் கழிப்பறைக்கு அழைத்துப்போய், முகம் கழுவி, தலை வாரி உட்காரவைத்தாயிற்று. புது ஆளைக் கண்டால் ஓயாமல் கத்தும் ஒரு பெண் இருந்தாள். அவளை வேனில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்ட அனுப்பிவிட்டார்கள்.

உறுப்பினர் அம்மா உள்ளே நுழைந்ததும் மேனேஜர் கையை நீட்டினான். "உக்காருங்க." அந்த அம்மா உருகிப்போனார். பொறியாளர் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்து, "காத்தோட்டம் நல்லா இருக்கு" என்றார். 

"எங்க வீடுகூட இவ்ளோ சுத்தமா இருக்காதும்மா," என்றார் உறுப்பினர். "உங்களுக்கு இங்க ஏதாவது குறை இருக்கா?"

அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "எங்களுக்கு என்னம்மா குறை. உங்களை மாதிரிப் பெரியவங்க ஆதரவு இருந்தாப் போதும்."

அந்த வாயில் எதைப் போடுவது! பல வருடங்களாகக் கடை கடையாக ஏறி நன்கொடை கேட்ட வாய் அது. கொடுக்கிறவர்கள் முன்னால் மூக்கைச் சிந்தினால் அடுத்த தடவை கதவைத் திறக்க மாட்டார்கள், சிரித்த முகமாக இருந்தால்தான் மறுபடியும் கொடுப்பார்கள் என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டிருந்தாள். கற்றது சமயம் பார்த்துக் காலை வாரிவிட்டது.

பிறகு ஒருநாள் நகராட்சி அலுவலகத்துக்கு எல்லா அமைப்புகளையும் வரச்சொல்லியிருந்தார்கள். தாழ்வாரத்து நீள பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்க, தெரிந்த கிளார்க் ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்தார். 

"குழு பாத்துட்டு என்ன சொல்லிருக்காங்க தெரியுமாக்கா? இப்ப இருக்கிற இடமே போதுமானது, அருமையா நடத்துறாங்கன்னு. அவசரத் தேவை இல்லைன்னு கடைசியில போட்டுட்டாங்க."

அருமையாக நடத்துவதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று அக்காவுக்குத் தோன்றியது.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் தெருநாய்களுக்குக் காப்பகம் நடத்துகிறவர். நாய்க்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். கை முழுக்கக் கடித்த தழும்பு. நல்ல மனுஷன், அவருடைய காப்பகமும் ஒழுகும் தகரக் கொட்டகைதான். கிளார்க் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

"அவங்க வர்றதுக்கு முன்னாடி கழுவி விட்டீங்களா?" என்று கேட்டார்.

"கழுவாம?"

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க. நான் ரெண்டு நாள் கூண்டுப் பக்கமே போகல. நாத்தம் குடலைப் பிடுங்குது. நாய்ங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கத்துது. அந்தம்மா அங்கேயே அழுதுட்டாங்க." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் சோறு இறங்கலைங்க. ஆனா வேற எப்படிக் காட்டறது?"

அக்கா எழுந்து உறுப்பினர் அம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள். படிக்கட்டைச் சொன்னாள், டிரைவர் இடுப்பைச் சொன்னாள், ஒற்றைக் கழிப்பறையைச் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள்.

"அன்னைக்கு இதுல ஒரு வார்த்தைகூட சொல்லலையேம்மா நீங்க," என்றார் உறுப்பினர். கெட்டவர் இல்லை, முகத்தில் உண்மையான குழப்பம்தான் இருந்தது. "சரி, வியாழக்கிழமை காலையில இன்னொரு தடவை வர்றோம். சுகாதார அதிகாரியையும் கூட்டிட்டு வர்றேன். இருக்கிறபடியே காட்டுங்க."

இருக்கிறபடியே. அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு அக்கா இல்லத்துக்கு வந்தாள். சின்னம்மாவையும் டிரைவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். வியாழக்கிழமை தரை துடைக்க வேண்டாம். அந்தப் பெண்ணை வேனில் அனுப்ப வேண்டாம், கத்தட்டும். கழிப்பறைக்கு முன்கூட்டியே யாரையும் கூட்டிப் போக வேண்டாம். குழு வந்த பிறகு அவர்கள் கண்முன்னால் டிரைவர் ஒருவரைச் சுமந்து ஏற வேண்டும்.

"அதுக்குள்ள யாராவது நனைச்சுட்டா?" என்றாள் சின்னம்மா.

"மாத்தாதீங்க. அவங்க பாக்கட்டும்."

சின்னம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பெத்தவங்க நம்மளை நம்பி விட்டுட்டுப் போறாங்கம்மா. அவங்க பிள்ளையை ஊரான் முன்னாடி அப்படி உக்கார வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?"

அது நியாயம் என்று அக்காவுக்கும் பட்டது. இரவெல்லாம் புரண்டாள். அடுத்தவர் பிள்ளையைக் காட்டக் கூடாது. காட்டுவதற்குத் தன் பிள்ளை என்று ஒருவன் இருக்கிறானே. காலையில் சின்னம்மாவிடம், "மத்தவங்களை எப்பவும் போலப் பாத்துக்கோங்க, மேனேஜர் மட்டும் கீழேயே இருக்கட்டும்" என்றாள். சின்னம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போய்விட்டாள்.

வியாழக்கிழமை குழு சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வருவார்களா, அதிகாரிகள் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள்? மற்றவர்களையெல்லாம் ஏற்றியாயிற்று. மேனேஜர் மட்டும் வேனில், கதவுப் பக்கத்து இருக்கையில், கழுத்துப் பொத்தான் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். அக்கா வேன் வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. 

"அக்கா, பாத்ரூம்," என்றான்.

"கொஞ்சம் பொறுத்துக்கோடா. இப்ப வந்துருவாங்க."

பொறுத்தான். கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பொறுத்தான். மறுபடியும் கேட்டான். இன்னும் கொஞ்சம் என்றாள். மூன்றாவது முறை அவன் கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது இரண்டு கையாலும் மடியை மூடிக்கொண்டிருந்தான். இருக்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மாத்து அக்கா," என்றான் மெதுவாக. டயர் கடைப் பையன்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

மாற்றுத் துணி அவள் தோளில் தொங்கிய பையிலேயே இருந்தது. அவளுடைய கை பையின் ஜிப்பைத் தொட்டது. ஒரு இழு இழுத்தால் முடிந்தது. அந்த ஒரு இழுப்பில் கட்டடமும் போய்விடும், இவன் வாழ்நாள் முழுக்கப் பின்னறையில் கிடப்பான் என்று அவள் நினைத்தாள். இன்றைக்கு ஒரு மணி நேரம் அவமானப்பட்டால், சாகும்வரை கௌரவமாக இருப்பான். கணக்கு சரியாகத்தான் பட்டது. கையை எடுத்துக்கொண்டாள். 

"இருடா ராஜா. அவங்க வரட்டும். வந்ததும் மாத்திடலாம்."

அவன் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். 

கார் வந்து நின்று, உறுப்பினரும் பொறியாளரும் சுகாதார அதிகாரியும் இறங்கினார்கள். அக்கா மடமடவென்று படிக்கட்டைக் காட்டினாள். டிரைவர் குனிந்து மேனேஜரை முதுகில் ஏற்றிக்கொண்டார். அன்றைக்குக் கலாட்டா எதுவும் செய்யவில்லை. ஈரம் அவருடைய சட்டை முதுகை நனைத்து இடுப்புவரை இறங்கியது. மேனேஜர் முகத்தை அவருடைய கழுத்தில் புதைத்துக்கொண்டான். பின்னாலேயே ஏறிய மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினார்கள். திருப்பத்தில் டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று அக்காவின் மனசு அடித்துக்கொண்டது.

மேலே அந்தப் பெண் கத்த ஆரம்பித்தாள். கழிப்பறை வாசலில் நான்கு பேர் நின்றார்கள். மேனேஜரை அவனுடைய நாற்காலியில் இறக்கிவிட்டார் டிரைவர். உறுப்பினர் அம்மா போன தடவை ஞாபகத்தில் அவனிடம் கையை நீட்டினார். அவன் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. உட்காருங்க என்று சொல்லவும் இல்லை.

"இவர் எவ்ளோ நேரமா இப்படி இருக்கார்?" என்று கேட்டார் சுகாதார அதிகாரி.

"ஒரு மணி நேரம் இருக்கும் சார். ஒரே ஒரு பாத்ரூம்தான். மேல ஏத்தணும்னா..."

"மாத்துத் துணி இல்லையா?"

அக்காவின் தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். 

"நீங்க பாக்கணும்னுதான் சார்," என்றாள். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே புரிந்துவிட்டது.

உறுப்பினர் அம்மாவின் கண் கலங்கித்தான் இருந்தது. நாய்க் கொட்டகையில் கலங்கியதுபோல்தான். ஆனால் அங்கே கூண்டின் மேல் வந்த கோபம், இங்கே பக்கத்தில் நின்றவள் மேல் வந்தது. நாய் அழுக்காக இருந்தால் இடம் போதவில்லை என்பார்கள். மனிதன் அழுக்காக இருந்தால் கவனிக்கிறவளுக்குக் கையில்லையா என்று கேட்பார்கள். இது அந்த இரண்டு பேருக்கும் தோன்றாமல் போனதுதான் கொடுமை, நாய்க்காரருக்கும் அக்காவுக்கும்.

"போன தடவை எங்களுக்காக நடிச்சிருக்கீங்க," என்றார் உறுப்பினர். "இப்பதான்மா உண்மை தெரியுது."

"இல்லம்மா. அதுதான் உண்மை. இதுதான்..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முடித்திருக்க மாட்டாள். நடித்தது இன்றைக்குத்தான் என்று எந்த வாயால் சொல்வது?

அவர்கள் போன பிறகு சின்னம்மாதான் அவனுக்குத் துணி மாற்றினாள். அக்கா கிட்டே போனபோது அவன் ஈரத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மறு வாரம் கிளார்க் போன் செய்தார். கட்டடம் நாய்க் காப்பகத்துக்கு. அது மட்டுமில்லை, மாடியில் இனி ஆட்களை வைக்கக் கூடாது என்று சுகாதார அதிகாரி எழுதிவிட்டாராம். சரியான இடமும் சரியான கவனிப்பும் இருக்கிறது என்று காட்டும்வரை இல்லத்தை மூட வேண்டும்.

"இடம் இல்லைன்னுதானே நாங்க கேட்டோம்?" என்றாள் அக்கா.

"புரியுதுக்கா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

நாய்க்காரர் வந்தார். படியேறி வந்து வாசலிலேயே நின்றார். புதுக் கட்டடத்தில் ஒரு அறை தர முடியுமா என்று கேட்டுப் பார்த்தாராம். விலங்குகள் இருக்கும் இடத்தில் மனிதர்களை வைக்கச் சட்டம் இடம் கொடுக்காதாம். "நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்," என்றார். அக்கா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கோபம் ஒன்றும் இல்லை, தோன்றவில்லை.

பெற்றோர்கள் வந்து பிள்ளைகளின் மாற்றுத் துணியும் தட்டும் டம்ளரும் எடுத்துப் போனார்கள். நீங்க வேற என்னம்மா பண்ணுவீங்க என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். கத்தும் பெண்ணின் தாய் மட்டும், பையைக் கட்டி முடித்துவிட்டு, "நாங்க இல்லாதப்ப எம் பொண்ணையும் அப்படித்தான் வச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள். எத்தனையோ வருடம் அந்தப் பெண்ணுக்கு ஊட்டிவிட்ட கை அக்காவுடையது. இல்லை என்று சொன்னாள். அந்தத் தாய் தலையாட்டிவிட்டு நம்பாமல் இறங்கிப் போனாள்.

வீட்டில் தம்பி தினமும் காலையில் தானே சட்டை போட்டுக்கொண்டு கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். அக்கா தாழ்ப்பாள் போடவில்லை. வேறு வேலை தேடிப் போகாமல் அவனோடுதான் இருந்தாள். எத்தனை நாளைக்கு இப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் கொறித்தான். உதடு வெடித்திருப்பதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான், காலையில் வைத்த டம்ளர் தண்ணீர் வைத்தபடியே இருப்பது கண்ணில் பட்டது. நேற்று வைத்ததையும் அவள்தான் கொட்டியிருந்தாள்.

"குடிடா," என்று வாயருகே கொண்டுபோனாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். 

"எதுக்குடா அடம் பிடிக்கிற? உடம்பு கெட்டுப் போயிடும்."

"வேணாம்," என்றான். "குடிச்சா வந்துரும். இனிமே நனைக்க மாட்டேங்க்கா. அவங்ககிட்ட சொல்லு. வேன் வரச் சொல்லு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். உன்னால் இல்லை, உன் மேல் தப்பே இல்லை, எல்லாம் அக்கா செய்தது என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பேசி முடித்ததும் தலையாட்டினான்.

"இங்க பாரு, அக்கா குடிக்கிறேன் பாரு," என்று டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துக் காட்டி, மீதியை நீட்டினாள்.

அவன் அதை மெல்ல அவள் பக்கமே தள்ளிவிட்டான். 

"நீ குடி அக்கா," என்றான். "நான் வேலைக்குப் போகணும்."